ஜன்னல் பக்கத்து நாற்காலி

அந்தக் கூட்ட அறையில் ஜன்னல் பக்கம் அரசாங்கம் உட்காரும், கதவுப் பக்கம் வியாபாரிகள் உட்காருவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் கிடையாது, ஆனால் யாரும் மீறியதும் கிடையாது. தில்லிக் குளிரில் ஜன்னல் பக்கம் நல்ல வெயில் விழும், ஹீட்டரும் அங்கேதான். கதவுப் பக்கத்துக்காரர்களுக்கு, டீ கொண்டு வருகிறவர் கதவைத் திறக்கும்போதெல்லாம் முதுகில் வாடைக் காற்று அடிக்கும். எல்லை தாண்டிச் சரக்கு அனுப்புகிறவர்களும், எல்லையைக் காக்கிற அரசாங்கமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடிப் பேசுவதற்கென்று அமைத்த குழு அது. பெயர் என்னவோ கூட்டுக் குழு. நடுவில் போட்டிருந்த மேஜைதான் அநியாயத்துக்கு அகலம்.

ஜன்னல் பக்கத்தில், தலைமை தாங்குகிறவருக்கு இடது கைப் பக்கம் இரண்டாவது நாற்காலி வெகு காலம் நல்லசிவத்தினுடையது. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மத்திய அரசுப் பரீட்சை எழுதி, கிளார்க்காகத் தில்லிக்கு ரயிலேறியவர். முதல் குளிர்காலத்தை முனிர்காவில் ஒரு மொட்டைமாடி அறையில், ஊர்க்காரர்கள் இரண்டு பேரோடு ஒரே ரஜாய்ப் போர்வையை இழுத்துப் பறித்துக்கொண்டு கழித்தார். பிறகு கல்யாணம் ஆயிற்று. மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மனைவி உஷாராணிக்கு நடந்து போகிற தூரத்திலேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை அமைந்தது. மகள் கனிமொழி பிறந்தாள். அவரும் ஒவ்வொரு படியாக ஏறி அண்டர் செக்ரட்டரி ஆனார். அதற்கு மேல் ஏற வயது இடம் கொடுக்கவில்லை.

அவர் பார்த்த வேலை எல்லை வர்த்தகம். எந்தச் சோதனைச்சாவடி வழியாக என்ன சரக்கு போகலாம், கேட்டை எத்தனை மணிக்குத் திறக்கலாம், எப்போது மூடலாம் என்பதெல்லாம் அவர் மேஜைக்கு வந்துதான் மேலே போகும். எழுத்தில் கெட்டிக்காரர். அதிலும் முடியாது என்று சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முடியாது என்ற வார்த்தை எங்கேயும் வராது, படித்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். செக்‌ஷனில் ஒரு பழக்கம் இருந்தது. உள்ளே பக்கம் பக்கமாகக் காரணம் எழுதிக்கொள்வார்கள். வெளியே போகிற பதிலில் மட்டும் ஒரே வரி இருக்கும்: பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுத் தற்போது சாத்தியமில்லை. காரணத்தைச் சொன்னால் அதற்குப் பதில் வரும், பதில் வந்தால் மறுபடியும் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்தத் தலைவலி யாருக்கு வேண்டும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லையை அவர் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. டூர் என்று பெயர் வந்தால் கூடவே பார்லிமெண்ட் கேள்வி ஒன்றும் வந்துவிடும், இவர் தங்கிவிடுவார். மேலதிகாரிகள் போய்விட்டு வந்து கதை சொல்லுவார்கள். அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு நல்லசிவத்தின் மனதில் எல்லைக் கேட் கோட்டை வாசல் மாதிரி ஆகிவிட்டது. பெரிய இரும்புக் கதவு, நாலைந்து பேர் தோள் கொடுத்தால்தான் அசையும். அப்பேர்ப்பட்ட கதவை யாரோ ஒரு வியாபாரிக்காக ஒரு மணி நேரம் முன்னால் திறப்பதாவது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஓய்வு பெற்று மயூர் விஹாரில் சின்னதாக ஒரு ஃப்ளாட்டுக்குக் குடி வந்த பிறகும் மனிதர் மாறவில்லை. புது கேஸ் அடுப்பு வாங்கலாமா என்று உஷாராணி கேட்டால், பரிசீலிக்கலாம் என்பார். செய்தியில் அரசாங்கம் என்று வந்தால் போதும், நாங்கள் அப்படிச் செய்தோம், நாங்கள் இப்படிச் செய்தோம் என்று ஆரம்பித்துவிடுவார். குர்காவ் கம்பெனியில் வேலை பார்க்கும் கனிமொழி ஒரு நாள் சொன்னாள்.

“அச்சா அப்பா, நீங்க ரிட்டயர் ஆனது கவர்ன்மென்ட்டுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் ஆர்டர் வரல.”

அவர் சிரித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜகந்நாதன் கூப்பிட்டார். ஏற்றுமதி வியாபாரிகளின் சபை ஒன்றுக்குச் செயலாளர் அவர், அப்பா காலத்திலேயே தில்லிக்கு வந்துவிட்ட குடும்பம். கூட்டுக் குழுவில் கதவுப் பக்கத்தின் பேச்சாளரும் அவர்தான். உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்த மனுஷர் ஒருவர் எங்கள் பக்கம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தேனொழுகப் பேசி, நல்லசிவத்தை ஆலோசகராக்கிக்கொண்டார். முதல் நாள் நல்லசிவம் சபை உறுப்பினர்களை வாய்க்கு வாய் ‘பார்ட்டி’ என்றார். அரசாங்கத்தில் வியாபாரிகளுக்கு அதுதான் பெயர். இனிமேல் மெம்பர்ஸ் என்று சொல்லுங்கள் என்று ஜகந்நாதன் நாசூக்காகத் திருத்தினார்.

அகல்யாவை அங்கேதான் பார்த்தார். சின்னமனூர்க்காரி. கணவர் வேலு ஆசாத்பூர் மண்டியில் பழ வியாபாரத்தைப் பிடித்து, கிழக்கு எல்லை வழியாக அண்டை நாட்டுக்குத் திராட்சை அனுப்பக் கற்றுக்கொண்டவர். நன்றாக வந்துகொண்டிருந்த நேரத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. மண்டியில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் இந்த அம்மாள் கடையை இன்றைக்கு மூடும், நாளைக்கு மூடும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அகல்யா மூடவில்லை. இந்தியை மண்டியிலேயே கற்றுக்கொண்டு, மண்டிக்காரர்களைவிடச் சத்தமாகப் பேசினாள்.

அவளுக்கு இருந்த தொல்லை ஒன்றுதான். நாசிக்கில் ஏற்றிய லாரி எல்லைக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலமாகிவிடும், கேட் மூடியிருக்கும். மறுநாள் ஒன்பது மணிக்குத் திறந்தால், முன்னால் நிற்கிற லாரிகள் எல்லாம் போன பிறகுதான் இவளுடையது போகும். சில நாள் அன்றைக்கும் முறை வராது.

“முன்னால நிக்கிறது அம்புட்டும் கல்லு லாரி, சிமெண்டு லாரிண்ணே. கல்லு அழுகாது. பழம் நிக்குமா?” என்று கேட்டாள்.

விடிந்ததும் கேட்டைத் திறந்து, அழுகும் சரக்கை முதலில் விட்டால் போதும். இதைத்தான் அவள் எழுதிக் கேட்டிருந்தாள். ஒரு தடவை வேலு பெயரில், அடுத்த தடவை தன் பெயரில். இரண்டு தடவையும் அந்த ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. நல்லசிவத்துக்கு அந்த வரியை நன்றாகத் தெரியும். அவர் வார்த்தையல்லவா? ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. 

அவள் ஆசாத்பூருக்கு வந்து பாருங்கள் என்றாள், போனார். போன சீசன் முடிவில் எல்லையில் காத்துக் கிடந்து திரும்பிய சரக்கில் ஒரு பெட்டியை டிரைவர் கொண்டுவந்து காட்டிய கதையைச் சொன்னாள். மூடியைத் திறந்ததும் சாராயக் கடை வாடை அடித்ததாம். அந்தக் காலிப் பெட்டியை அவள் தூக்கிப் போடவில்லை. சாமி படத்துக்குக் கீழே, வேலுவின் போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்தபோது நல்லசிவத்தால் உட்கார முடியவில்லை.

“ஏன் முடியாதுன்னு சொன்னாக்கூடத் தேவலைண்ணே. பாதுகாப்புன்னு ஒத்த வார்த்தையச் சொல்லிக் கதவச் சாத்துனா, நான் எந்தச் செவுத்துல போய் முட்டுறது? இந்த சீசனுக்கும் இல்லைன்னா எக்ஸ்போர்ட்டை விட்டுர்றேன். அவரு ஆரம்பிச்சதுங்குறதுக்காகத்தேன் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்கேன்.”

நல்லசிவம் வாழ்க்கையில் அதுவரை யாருக்கும் நேரடியாக வாக்குக் கொடுத்தவரல்ல. அன்றைக்கு என்ன ஆயிற்றோ, கொடுத்துவிட்டார்.

“ஆகட்டுமுங்க அம்மிணி. டிசம்பர் கூட்டத்துல நான் வாங்கிக் குடுக்கறனுங்க.”

சொன்ன சொல்லுக்காக மாங்குமாங்கென்று உழைத்தார். அரசாங்கம் என்னென்ன ஆட்சேபம் சொல்லும் என்று அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு இப்படி மடக்கலாம், இதற்கு அப்படி மடக்கலாம் என்று குளிக்கும்போதும் முணுமுணுத்தார், மதர் டெய்ரி பால் பூத் வரிசையில் நிற்கும்போதும் முணுமுணுத்தார். சாம்பாரில் உப்புப் பற்றவில்லை என்பதைக்கூட அவர் கவனிக்காததைக் கண்டு உஷாராணிக்கே கவலையாகிவிட்டது.

“ஏனுங்க, ஆட்சேபத்தையே இத்தனை தடவை சொல்லிட்டிருக்கறீங்களே, அங்க போய் அதையே சொல்லிறாதீங்க” என்றாள்.

அவர் முறைத்தார். விளையாட்டுக்குச் சொன்னாள், அவ்வளவுதான்.

கூட்டத்தன்று பயங்கர மூடுபனி. நல்லசிவம் பஸ்ஸை நம்பாமல் மெட்ரோவில் சீக்கிரமே கிளம்பி, முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். அறையில் பழைய பியூன் ஹீட்டரைப் போட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஆயியே சாப் என்று வரவேற்றார். வெகு நாள் கழித்து வந்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில், இடது கைப் பக்கம் இரண்டாவது நாற்காலியை இழுத்துத் துணியால் துடைத்தார். மூடி போட்ட கோப்பையில் சர்க்கரை இல்லாத டீயை அதன் முன்னால் வைத்தார். யாருக்கு டீ எப்படி என்பதை அவர் மறக்கவில்லை. நல்லசிவம் போய் உட்கார்ந்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தன் வீட்டில் செருப்பு விடுகிற இடத்தை யாராவது யோசித்தா விடுகிறார்கள்? முதுகுக்கு ஹீட்டர் இதமாக இருந்தது. கண்ணை மூடி மடக்க வேண்டியதையெல்லாம் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

பனியில் மாட்டிக்கொண்டு மற்றவர்கள் அரக்கப்பரக்க வந்தார்கள். கதவுப் பக்கம் அகல்யாவும் ஜகந்நாதனும் உட்கார்ந்தார்கள். ஜகந்நாதன் புருவத்தை ஏற்றி இறக்கி என்னென்னவோ ஜாடை காட்டினார். வணக்கம் சொல்கிறார் போலிருக்கிறது என்று நல்லசிவம் பதிலுக்குத் தலையை ஆட்டினார். அந்த நாற்காலியின் இப்போதைய சொந்தக்காரர் நிகில். இவருக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்த அதிகாரி, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவர் கடைசியாக மூச்சிரைக்க வந்து பார்த்தார். இடத்தில் நல்லசிவம் சார். பெரியவரை எழுப்ப மனசு வராமல், சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தலைமை தாங்க வந்த ஜாயின்ட் செக்ரட்டரி அம்மையார் போன வாரம்தான் பொறுப்பேற்றவர். சண்டிகர் பக்கம். ஏற்கெனவே நேரமாகிவிட்டது, அறிமுகமெல்லாம் டீயின்போது வைத்துக்கொள்ளலாம் என்று நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். முதல் விஷயமே கேட் திறக்கும் நேரம். அகல்யா எழுந்து தன் சின்னமனூர் இந்தியில் கல் லாரியையும் பழ லாரியையும் பற்றி விளக்கினாள். அம்மையார் கவனமாகக் கேட்டுவிட்டு இடது பக்கம் திரும்பினார். நரைத்த தலை, மூடி போட்ட கோப்பை, நிமிர்ந்து உட்கார்ந்த தோரணை. அமைச்சகம் என்ன சொல்கிறது, நான் புதிது, கொஞ்சம் விவரமாகவே சொல்லுங்கள் என்றார்.

நல்லசிவத்தின் வாய் தானாகத் திறந்தது. எல்லைக்குப் போகிற சாலை குறுகலானது, விடியற்காலையில் கேட் என்றால் லாரிகள் இரவெல்லாம் வேலியை ஒட்டி நிற்கும். கடைசி விளக்குக் கம்பத்துக்கு அப்பால் இருட்டு. லாரியோடு வருகிற கிளீனர்கள் யார், எவர் என்று யாருக்கும் தெரியாது, அவர்களோடு சேர்ந்து நாலு பேர் நழுவினால் கண்டுபிடிக்க வழியில்லை. எல்லைப் படைக்குக் காவல் மாறுகிற நேரமும் அதுதான், அந்த நேரத்தில் கேட்டில் நிறுத்த ஆளிருக்காது. ஒன்றன் பின் ஒன்றாக, கோர்வையாக, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். ஒரு வாரமாக முணுமுணுத்ததாயிற்றே. கடைசியில், ஆகவே பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுத் தற்போது சாத்தியமில்லை என்று அழகாக முடித்து, டீக் கோப்பையின் மூடியை எடுத்தார்.

அப்போதுதான் எதிரே பார்த்தார். ஜகந்நாதன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அகல்யா கண்கொட்டாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லசிவம் கையிலிருந்த மூடியைக் கோப்பையின் மேல் திரும்ப வைத்தார். தன் கையாலேயே மூன்றாவது தடவையும் அவள் கதவைச் சாத்திவிட்டார்.

அகல்யா உட்காரவில்லை. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் எனக்குக் காரணம் சொல்லியிருக்கிறார்கள், அதற்காக நன்றி என்று ஆரம்பித்தாள். குரல் நடுங்கியதே தவிர வார்த்தை நடுங்கவில்லை. லாரிகள் வேலியை ஒட்டி நிற்கவே வேண்டாம். கேட்டுக்கு முந்தின ஊரில் மூடிக் கிடக்கிற அரிசி மில் ஒன்று இருக்கிறது, அதன் களத்தை நாங்கள் பழ வியாபாரிகள் சேர்ந்து எடுத்துக்கொள்கிறோம். விளக்கு, கேமரா எல்லாம் எங்கள் பொறுப்பு. டிரைவர், கிளீனர் போட்டோவும் அடையாள அட்டையும் முந்தின சாயங்காலமே படைக்கு அனுப்பிவிடுகிறோம், களத்திலேயே அவர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும். பெயரில்லாத ஆள் ஒருவன் இருந்தாலும் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் காவல் மாறுகிற நேரத்துக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை என்றாள்.

அதுவரை மேஜையில் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்த எல்லைப் படை அதிகாரி நிமிர்ந்தார். பெரிய மீசைக்காரர், பேசாத ஆள். மருந்து என்னிடம் இருக்கிறது, என் ஆட்கள் எப்படியும் விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுகிறார்கள், காவல் மாறுவதைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் தீர்ந்தது என்றார். வேலியோரம் லாரி நிற்காது என்றால் எனக்கு அதைவிட நிம்மதி வேறில்லை, பனி அடர்ந்த நாளில் மட்டும் பாதை தெரிகிற வரைக்கும் திறக்க மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அதுதான் நியாயம் என்றாள் அகல்யா.

அம்மையாருக்கு ஆச்சரியம். இவ்வளவுதானா, இதை ஏன் முன்னாலேயே பேசவில்லை என்று பொதுவாகக் கேட்டார்.  பிறகு மறுபடியும் இடது பக்கம் திரும்பி, அமைச்சகத்துக்கு இனி ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிடும், அம்மையார் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். அகல்யாவின் திராட்சை தாண்டிவிடும். கொடுத்த வாக்கும் காப்பாற்றப்பட்டுவிடும். நல்லசிவத்துக்கு அந்த வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை பொங்கிக்கொண்டு வந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த நாற்காலியிலிருந்து சொல்லத் தவறிய வார்த்தை. ஆனால் நாற்காலி அவருடையதல்ல. நாளைக்கு யாராவது, ஆட்சேபம் இல்லை என்று சொன்ன அதிகாரி யார் என்று ஒரு கேள்வி கேட்டால், கேட் மூடிக்கொள்ளும். அப்புறம் எந்த ஜென்மத்திலும் திறக்காது. இதெல்லாம் பின்னால் அவர் உஷாராணியிடம் சொன்ன கணக்கு. அந்த நிமிஷத்தில் அவருக்கு வெட்கம்தான் இருந்தது.

எழுந்து நின்றார். மன்னிக்க வேண்டும், நான் ஓய்வு பெற்றவன், வியாபாரிகள் சபையின் ஆலோசகன், பழக்க தோஷத்தில் இங்கே உட்கார்ந்துவிட்டேன் என்றார். அமைச்சகத்தின் சார்பில் பேச வேண்டியவர் சுவரோரம் இருக்கிறார் என்று நிகிலைக் காட்டினார்.

யாரோ சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. நல்லசிவம் கோப்பையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் மேஜையைச் சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். அந்த மேஜை அவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜகந்நாதனுக்கு அடுத்து ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தார். பின்னால் கதவு திறந்து மூட, முதுகில் வாடை அடித்தது.

நிகில் வந்து ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் இருந்த காகிதத்தில் அந்த ஒற்றை வரி தயாராக இருந்தது, நல்லசிவத்துக்கு அதைப் படிக்காமலே தெரியும். பரிசீலித்துச் சொல்கிறோம் என்று இன்னொன்றும் உண்டு. அதைச் சொன்னால் யாரும் குற்றம் சொல்ல முடியாது, சீசனும் முடிந்துவிடும்.  நிகில் காகிதத்தைப் பார்த்தார், அகல்யாவைப் பார்த்தார், காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். எங்கள் காரணங்களை நல்லசிவம் சார் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார், அதற்குப் பதிலும் வந்துவிட்டது, இனிமேல் பரிசீலிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்றார். இந்த சீசன் முழுக்கச் சோதனையாகத் திறந்து பார்க்கலாம், களமும் விளக்கும் தயாரானதைப் படை வந்து பார்த்துச் சரி என்று சொன்ன மறுநாளிலிருந்து என்று முடித்தார். அம்மையார் சரி என்றார். டீ வந்தது.

வராந்தாவில் அகல்யா இவருக்காகக் காத்திருந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துப் போனார்.

“அந்த ஒத்த வரி எழுதுனது நீங்கதேனாண்ணே?”

“ஆமாங்க அம்மிணி. ரெண்டு தடவையும் நாந்தானுங்க.”

“ஒங்ககிட்டயே வந்து அழுதிருக்கேன். அன்னைக்கே இந்தக் காரணத்தச் சொல்லியிருந்தீகன்னா, போன சீசன் போயிருக்காதுல்ல?”

 அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். காரியம் ஜெயமானதற்கு ஒரு பொட்டுச் சந்தோஷம்கூட நல்லசிவத்துக்கு மிஞ்சவில்லை.

ஜகந்நாதன் மறுநாளே கூப்பிட்டுப் பேசினார். ஏதோ நம்ம அதிர்ஷ்டம், நல்லபடியா முடிஞ்சுது என்றார். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

“எதிர்ப்பக்கம் போய் உக்காந்துண்டவரை மெம்பர்ஸ்கிட்ட நான் என்னன்னு சொல்லி வெச்சுக்கறது? நீங்களே சொல்லுங்கோ சார்.”

 நல்லசிவம், தான் எழுதிய பதில்களைப் போலவே இதிலும் முடியாது என்ற வார்த்தை இல்லை என்பதைக் கவனித்தார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். இந்தத் தடவை ஆர்டர் சரியாகக் கைக்கு வந்து சேர்ந்தது என்று கனிமொழியிடம் அவரே சொன்னார். அவள் சிரிக்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

திராட்சை சீசன் தொடங்கியது. காலையில் எழுந்ததும் கிழக்கு எல்லைப் பக்கம் பனி எப்படி என்று செல்போனில் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. அகல்யாவுக்குப் போன் செய்யக் கை போகும், திரும்பிவிடும். களத்தில் விளக்குப் போட்டார்களா, படை வந்து பார்த்ததா, ஒன்றும் தெரியவில்லை. நிகிலைக் கேட்கலாம்தான். கேட்க என்ன உரிமை என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலை, உஷாராணி காப்பிக்கு டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அகல்யா. படத்தோடு கூப்பிட்டிருந்தாள். தலையைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, வாயிலிருந்து புகை புகையாக வர, எங்கேயோ வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தாள். வணக்கம், நலமா ஒன்றும் கிடையாது.

“அண்ணே, கோவமெல்லாம் பெறகு பேசிக்கிருவோம். இங்கிட்டுப் பாருங்க” என்று போனைத் திருப்பினாள்.

நல்லசிவம் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். உஷாராணியும் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். செம்மண் சாலை, இரண்டு பக்கமும் கம்பி வேலி. சாலையின் குறுக்கே, ரயில்வே லெவல் கிராசிங்கில் இருப்பதுபோல் ஒரு கேட். வெள்ளையும் நீலமுமாகப் பெயிண்ட் அடித்திருந்தது, பாதி உரிந்திருந்தது. அடியில் ஒரு சின்னச் சக்கரம். கேட்டுக்கு அந்தப் பக்கமும் அதே செம்மண், அதே மரம், ஒரு சைக்கிள்காரர்.

“எல்லை எங்கீங்க அம்மிணி?” என்று கேட்டார்.

“இதுதேண்ணே எல்லை.”

காக்கிக் கோட்டுப் போட்ட ஜவான் ஒருவர் படத்துக்குள் வந்தார். ஒரு கையில் டீ டம்ளர். மற்றக் கையால் கேட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். சக்கரம் கிறீச்சிட்டது, கேட் திறந்தது. அவர் டீயில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. திராட்சை லாரி ஒன்று உறுமிக்கொண்டு நகர்ந்து, கேட்டைத் தாண்டிப் போயிற்று. பின்னால் இன்னொன்று போயிற்று.

நல்லசிவத்துக்குக் கண்ணை மறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பார்த்தது போதாதவர்போல மறுபடியும் கேட்டார்.

“அதத் தள்ளறதுக்கு எத்தனை ஆளு வேணுமுங்க அம்மிணி?”

“நீங்கதேன் பாத்தீகல்லண்ணே” என்றாள் அகல்யா. “ஒத்த ஆளு.”